சிவப்பு லைட் எரிவதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் எங்கள் காரை நிறுத்தினால் பிள்ளைகள் நாலு பேர் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பது வழமை. டாஷ்போர்டுக்கு மேலே இரண்டு வட்ட மீட்டர் பூட்டியிருக்கிறோம். "சேர், இது ஸ்டைலுக்கா?" என்று கேட்பார்கள். போன கிழமை ஒரு பிள்ளை, "சேர், எனக்கும் ஒன்று வாங்கித் தாங்க, நீல லைட் எரியிற மாதிரி" என்றும் கேட்டது. அந்தப் பிள்ளைக்கும், அதைவிட அதன் வாப்பாவுக்கும்தான் இந்தப் பதிவு.

இங்கே "நாங்கள்" என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல. தம்பியையும் சேர்த்துத்தான். எங்களில் மூத்தவர் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். இளையவர் ஏ.சி. திருத்துகிறார். கார் இருவருக்கும் பொது. செய்த பிழையும் பொது.

கார் எங்கள் வாப்பா விட்டுச் சென்றது. 1996ஆம் ஆண்டு ஜப்பான் கார், 1500 சிசி. கம்பெனி பெயர் வேண்டாம். பிழை கம்பெனியுடையது அல்ல. வாப்பா வாழ்நாள் முழுக்க லொறி ஓட்டியவர். கடைசிக் காலத்தில்தான் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். வபாத்தாவதற்கு முன்னால், "உம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போக இந்தக் கார் இருக்கட்டும்" என்றார். அதனால் எங்களுக்கு அது கார் மட்டுமல்ல, அமானிதம்.

ஆனால் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. பேருவளையிலிருந்து காலி வீதியால் கொழும்புப் பக்கம் போனால் மக்கொன, பயாகலை தாண்டிக் கட்டுக்குருந்த. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிய விமானத் தளம் அங்கே இருக்கிறது. அந்த ஓடுபாதையில்தான் கார் ரேஸும் மோட்டார் சைக்கிள் ரேஸும் நடக்கும். சின்ன வயதில் வாப்பாவின் தோளில் ஏறி அதைப் பார்த்திருக்கிறோம். பெரியவர்களான பிறகு, கழகம் ஒன்று பயிற்சி நாள் வைக்கிறது, சாதாரணக் காரையும் கொண்டுவரலாம் என்று கேள்விப்பட்டோம். காசு கட்டி, ஹெல்மட் வாங்கிப் போனோம். போட்டி இல்லை, பரிசு இல்லை. மூடிய பாதையில் காரின் எல்லையையும் எங்கள் எல்லையையும் பார்ப்பது மட்டும்தான்.

உம்மாவுக்குப் பாதியைத்தான் சொன்னோம். அது முதல் பிழை.

முதல் இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை, நாலாவது சுற்றில், நீண்ட வளைவு ஒன்றில் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு லைட் பத்தி அணைந்தது. எண்ணெய்ச் சட்டி படம் போட்ட லைட். கண்ணிமைக்கும் நேரம்தான். பக்கத்துச் சீட்டில் இருந்தவரும் கண்டார். "வயர் லூஸா இருக்கும்" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். தண்ணீர் வெப்பநிலை முள் வழமைபோல நடுவில் நின்றது. அதைப் பார்த்து மனம் ஆறியது. அது இரண்டாவது பிழை. ஸ்டியரிங்கில் யார் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த சுற்றிலும் அதே வளைவில் லைட் பத்தியது. அதற்கடுத்த சுற்று முடிவதற்குள் என்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்து "டொக், டொக், டொக்" என்று சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. நிறுத்தினோம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு காலி வீதியால் வீடு வந்து சேர்ந்தபோது மஃரிப் ஆகிவிட்டது. உம்மா வாசலில் நின்று கயிற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கராஜ் பாஸ் வந்து பார்த்தார். சிங்களவர், வாப்பாவின் பழைய கூட்டாளி. என்ஜினின் அடிச்சட்டியைக் கழற்றிப் பெயாரிங் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கண்ணாடிபோல் இருக்க வேண்டியது தேய்ந்து, கீறி, ஓரம் உருகிக் கிடந்தது. ஒயிலில் மினுமினுப்பாக உலோகத் தூள். லைட் எரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டோம். "லைட் எக்க பத்து வெனகொட்ட வெடே இவரய் சேர்" என்றார். லைட் எரியும்போது வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று அது எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. பிள்ளைகளுக்குக் கணிதத்தோடு சொல்கிறோம்.

என்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில் இருக்கும் வெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிப்பை விடக் குறைவு. அந்த வெளியில் ஒயில் படலமாக நிற்கிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை, ஒயிலின் மேல் மிதக்கிறது. அந்தப் படலம் அறாமல் இருக்க ஒயில் பம்ப் அமுக்கத்தோடு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6000 தடவை, அதாவது செக்கனுக்கு 100 தடவை சுற்றுகிறது. ஒரு செக்கன் ஒயில் போகாவிட்டால் 100 சுற்று வறண்டு சுற்றுகிறது. நாங்கள் "கண்ணிமைக்கும் நேரம்" என்று விட்டதற்குள் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

சரி, ஒயில் ஏன் போகவில்லை? சட்டியில் ஒயில் இருந்தது. ஆனால் அளவுக் கம்பியில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட இருந்ததை அன்று காலையில் பார்க்காமல் போய்விட்டோம். வீதியில் அது பெரிய பிரச்சினையாகியிருக்காது. வேகமான நீண்ட வளைவில் வாளியில் தண்ணீர் ஒருபக்கம் ஏறுவதுபோலச் சட்டிக்குள் ஒயில் ஒருபக்கம் ஏறி நிற்கும். பம்ப் உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரியும். அப்போது பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கடுமையாக பிரேக் பிடிக்கும்போதும் இதுதான் நடக்கும்.

அப்படியானால் கம்பெனிக்காரன் வைத்த சிவப்பு லைட் எதற்கு? அது பொதுவாக 3 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவுக்கு அமுக்கம் விழுந்தால்தான் எரியும். என்ஜின் சும்மா நிற்கும்போதே அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மெக்கானிக்மார் சொல்லும் பொதுக் கணக்கு, 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. 6000இல் ஓடும்போது 60 வேண்டும். 60 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தாலும் லைட் எரியாது. 10 இருந்தாலும் எரியாமல் போகலாம். பரீட்சை மொழியில் சொன்னால், 60 எடுக்க வேண்டிய பிள்ளை 5 எடுத்த பிறகுதான் வீட்டுக்குக் கடிதம் வருகிறது.

நடுவில் நின்ற முள்ளை நம்பினோமே, அது தண்ணீரின் வெப்பநிலை. ஒயிலின் வெப்பநிலை வேறு. அதுமட்டுமல்ல, நிறையக் கார்களில் அந்த முள் சாரதி பயப்படாமல் இருப்பதற்காகவே பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. அது அசையும்போது விஷயம் முற்றிவிட்டது.

என்ஜின் செய்ய மூன்று மாதம் எடுத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காரின் சாமானுக்கு என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். பாவித்த என்ஜின் ஒன்று மாற்றுவதா, இதையே செய்வதா என்று யோசித்துக் கடைசியில் இதையே செய்தோம். சீட்டுப் பணம் முழுக்கப் போனது. ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த கணக்கும் போனது. அந்த மூன்று மாதமும் உம்மா நாகொட ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போய் வந்தார். முழங்கால் வருத்தத்தோடு பஸ் படி ஏறுவதைப் பின்னால் நின்று பார்த்தோம். காசைவிட அதுதான் சுட்டது.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உம்மாவே கதையை எடுத்தார். "ஒங்கட வாப்பா லொறிய ஸ்டார்ட் பண்ணினா, அந்த முள் எழும்புற வரைக்கும் யாரோடயும் கதைக்க மாட்டார். நான் ஏதாச்சும் கேட்டாலும் கைய மட்டும் காட்டுவார், பொறு எண்டு. ஒங்களுக்கு ஞாபகம் இல்லயா?"

ஞாபகம் இருந்தது. வாப்பாவின் லொறியில் ஒயில் மீட்டர் ஒன்று இருந்தது, எழுத்து அழிந்துபோன சின்ன வட்டம். முள் எழும்பி நின்ற பிறகுதான் வாப்பா "பிஸ்மில்லாஹ்" சொல்லி கியர் போடுவார். மலைநாட்டுப் பக்கம் ஏற்றத்தில் போகும்போது நாங்கள் வெளியே பார்ப்போம், வாப்பா இடைக்கிடை உள்ளே பார்ப்பார். எதைப் பார்க்கிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. பிறகு வந்த கார்களில் அந்த வட்டத்தை எடுத்துவிட்டு லைட் ஒன்றை வைத்தார்கள். வீட்டுக்கும் கடைக்கும் போக அது போதும். நாங்கள் போனது வேறு இடத்துக்கு.

என்ஜின் வந்ததும் முதல் வேலையாக இரண்டு மீட்டர் பூட்டினோம். ஒன்று ஒயில் அமுக்கம், மற்றது ஒயில் வெப்பநிலை. பூட்டுவதிலும் பிழை விட்டோம். நீங்கள் விடாமலிருக்க எழுதுகிறோம்.

ஒன்று. மலிவான மீட்டரோடு வரும் சென்சரின் மறையும் ஜப்பான் என்ஜினின் மறையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல. ஒன்றில் அங்குலத்துக்கு 27 சுற்று, மற்றதில் 28. இரண்டு சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும். பலம் போட்டால் ஒயில் கசியும், அல்லது என்ஜின் உடம்பே வெடிக்கும். பாஸ் எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினார். சரியான அடாப்டர் தேடி வாங்கினோம்.

இரண்டு. பாரமான சென்சரை டீ ஜொயின்டில் நேராக என்ஜினில் தொங்கவிடக் கூடாது. நடுக்கத்தில் பித்தளைக் கழுத்து முறியும். முறிந்தால் முழு ஒயிலும் வெளியே. கம்பி பின்னிய குழாய் ஒன்று போட்டு, சென்சரை கார் உடம்பில் பூட்டினோம். அப்படிப் பூட்டினால் அதற்கு எர்த் வயர் கொடுக்க மறக்க வேண்டாம். நாங்கள் மறந்தோம். மீட்டர் பைத்தியம் பிடித்ததுபோல ஆடியது.

மூன்று. வெப்பநிலைச் சென்சரை ஒயில் ஓடும் இடத்தில் வைக்க வேண்டும். அமுக்கத்துக்குப் போட்ட டீயின் முட்டுச்சந்தில் வைத்தால் அங்கே ஒயில் நிற்கும், ஓடாது. குறைந்த வெப்பநிலையைக் காட்டி ஏமாற்றும். சட்டிக்கு அடியில் வைத்தால் எங்கள் ஊர் வேகத்தடை அதை மிச்சம் வைக்காது. ஆகவே ஒயில் பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் போடும் தட்டில் வைத்தோம்.

நாலு. சில பழைய வகை மீட்டருக்குச் சூடான ஒயிலையே குழாய் வழியாக டாஷ்போர்டுக்குக் கொண்டுவருவார்கள். குழாய் வெடித்தால் சாரதியின் மடியில் கொதி ஒயில். வீட்டுக் காருக்கு அது வேண்டாம். வயர் மட்டும் வரும் மின் சென்சர் போதும்.

பூட்டிய பிறகு உடனே ஓடுபாதைக்குப் போகவில்லை. ஒரு மாதம் வீதியில் ஓட்டி, பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதினோம். எங்கள் என்ஜினுக்கு எது வழமை என்று தெரியாமல் எது வழமைக்கு மாறு என்று எப்படித் தெரியும்?

கொப்பி எங்களுக்கு நிறையப் படிப்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அமுக்கம் 75 காட்டும். ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருப்பதால் அப்படி. "ஆஹா, நல்ல பிரஷர்" என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. தடித்த ஒயில் பம்பில் அமுக்கம் காட்டும், ஆனால் ஒடுங்கிய வழிகளுக்குள் மெதுவாகத்தான் போகும். தண்ணீர் முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வரும்போது ஒயில் 50 பாகையில்தான் நின்றது. 80க்கு வர அதே அளவு நேரம் இன்னும் எடுத்தது. இத்தனை வருடம் தண்ணீர் முள் நடுவுக்கு வந்ததும் "சூடாகிவிட்டது" என்று மிதித்திருக்கிறோம். காலி வீதியில் சாதாரண ஓட்டத்தில் ஒயில் 90 முதல் 100 பாகை. 100 பாகையில் சும்மா நிற்கும்போது 16 பி.எஸ்.ஐ., 3000இல் 52. இது எங்கள் காரின் கணக்கு. உங்கள் காருக்கு அதன் சர்விஸ் புத்தகத்தில் உள்ளதைப் பாருங்கள்.

இரண்டு மீட்டரையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஒயில் சூடாகச் சூடாக இளகும், இளகினால் அமுக்கம் இறங்கும். தேங்காய் எண்ணெய் நுவரெலியாவில் கட்டியாவதும் பேருவளையில் தண்ணீராக ஓடுவதும் போலத்தான். 10டபிள்யூ-40 என்று போத்தலில் இருந்தால் முதல் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் 100 பாகையில் அதன் தடிப்புக்கு. ஆகவே "அமுக்கம் 50" என்று மட்டும் சொன்னால் அது அரைத் தகவல். எத்தனை பாகையில், எத்தனை ஆர்.பி.எம்.மில் 50 என்று கேட்க வேண்டும்.

பிறகு உம்மாவிடம் முழுவதையும் சொன்னோம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் கார் பாய்ந்து 7 பேர் மௌத்தான செய்தி உம்மாவின் நெஞ்சில் இருந்தது. "பார்க்கப் போன பிள்ளைகளும் மௌத்தாச்சே மகன்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. என்ஜின் உடைந்தால் பாதையில் கொட்டும் ஒயிலில் பின்னால் வருபவன் வழுக்குவான், எங்கள் கவனக்குறைவு எங்களோடு முடிவதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டோம். ஆட்கள் பாதையோரம் நிற்கும் நாளில் போவதில்லை, மீட்டர் எல்லை தாண்டினால் அந்த நிமிடமே வெளியே வருவது என்று வாக்குக் கொடுத்தோம். உம்மா கடைசியில், "வாப்பா மாதிரி முள்ளப் பார்த்து ஓட்டுறதெண்டா போங்க" என்றார்.

போனோம். வேகத்தில் பாதையைப் பார்ப்பதா மீட்டரைப் பார்ப்பதா? பாதையைத்தான். அதற்குத் தம்பி இரண்டு வேலை செய்தார். மீட்டரைத் திருகிப் பூட்டி, வழமையான அளவில் முள் நேர் மேலே நிற்கும்படி வைத்தார். எண்ணை வாசிக்கத் தேவையில்லை, முள் சாய்ந்தால் ஓரக்கண்ணுக்கே தெரியும். அடுத்தது, 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விழுந்தால் எரியும் சுவிட்ச் ஒன்றை வாங்கி, பெரிய சிவப்பு லைட் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் வைத்தார். சும்மா நிற்கும்போது அது எரியும், பரவாயில்லை. ஓடும்போது எரியக் கூடாது. இந்த லைட் எரியும்போது இன்னும் வேலை முடியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது வேலைக்குக் காசு செலவில்லை. பழைய ஃபோன் ஒன்றைச் சீட்டுக்கு நடுவில் பூட்டி மீட்டர்களையும் ஆர்.பி.எம். முள்ளையும் வீடியோ எடுத்தோம். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். அதே வளைவு. ஆர்.பி.எம். குறையவில்லை. ஆனால் அமுக்கம் 62இலிருந்து 28க்கு விழுந்து, ஒரு செக்கனுக்குள் திரும்பி ஏறியது. ஓட்டியவருக்குத் தெரியவே இல்லை. லைட்டும் எரியவில்லை, 20க்குப் போகவில்லையே. இத்தனைக்கும் ஒயில் மேல்க்கோட்டில் நிறைவாக இருந்தது. போனமுறை என்ஜினைக் கொன்ற காரணம் உயிரோடுதான் இருந்தது.

பாஸ் சட்டியைக் கழற்றி, உறிஞ்சும் வாயைச் சுற்றித் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். ஒயில் ஒருபக்கமாக ஓடிவிடாமல் அந்த அறைக்குள் தேங்கும். அடுத்த முறை அதே வளைவில் 62இலிருந்து 55 வரைதான் விழுந்தது. அன்று நாங்கள் இரண்டு பேரும் வீடியோவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் உம்மா எழும்பி வந்துவிட்டார்.

வெப்பநிலைக்கும் எல்லை வைத்தோம். நாலு சுற்றில் 118, ஆறு சுற்றில் 126. தண்ணீர் முள் அசையவே இல்லை. 125 ஆனால் வேகம் குறைப்பது, 130 ஆனால் வெளியே வருவது. வெளியே வந்ததும் உடனே என்ஜினை அணைப்பதில்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி ஆறவிட்டுத்தான் அணைப்பது. அவ்வளவு சூடு கண்ட ஒயிலை அடுத்த சர்விஸ் வரை வைத்திருப்பதுமில்லை, மாற்றிவிடுகிறோம்.

ஆனால் இந்த மீட்டர்கள் எங்களுக்குச் செய்த பெரிய உதவி ஓடுபாதையில் நடந்ததல்ல. வீதியில் நடந்தது.

ஒரு பயிற்சி நாளுக்குக் காசு கட்டியாகிவிட்டது. மருமகனும் ஹெல்மட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு ஆவலோடு இருந்தார். முந்திய இரவு கொப்பியைப் புரட்டினோம். 100 பாகை, 3000 ஆர்.பி.எம். என்ற ஒரே வரியை ஆறு கிழமைக்கு வாசித்தோம். 52, 51, 47, 43. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நல்ல எண்தான். 1000க்கு 10 என்ற கணக்குக்கு மேலேதான். எந்த லைட்டும் எரியவில்லை, சத்தமில்லை, புகையில்லை. ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது.

போகவில்லை. கட்டிய காசு திரும்பவில்லை. கூட்டாளிமார் ஃபோனில், "43க்கு யாராவது பயப்படுவானா மச்சான்" என்று சிரித்தார்கள். மருமகன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

பாஸ் முதலில் எங்கள் மீட்டரைத்தான் சந்தேகித்தார். தன்னிடமிருந்த வேறொரு மீட்டரைப் பூட்டிப் பார்த்தார், அதுவும் 43. பிறகு அளவுக் கம்பியை உருவினார். ஒயில் குறையவில்லை, மேல்க்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது! மூக்குக்குக் கிட்டப் பிடித்தார், எங்களுக்கும் நீட்டினார். பெற்றோல் மணம். இன்ஜெக்டர் ஒன்று ஒழுகி, பெற்றோல் ஒயிலில் கலந்து அதை இளக்கிக்கொண்டிருந்தது. ஒயில் குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். கூடினால் யார் பயப்படுவது? இன்ஜெக்டரை மாற்றி, ஒயிலும் பில்டரும் புதிதாகப் போட்டோம். கொப்பியில் மறுபடி 52. செலவு முன்பு என்ஜினுக்குப் போனதில் ஒரு சிறு பங்குதான். அடுத்த கிழமை உம்மா காரில்தான் கிளினிக்குக்குப் போனார்.

பாடசாலையிலும் இதே பிழையைத்தான் செய்துவந்தோம். இங்கே "நாங்கள்" என்பது ஆசிரியர்கள். 35க்குக் கீழே எடுத்த பிள்ளையின் பெயரைச் சிவப்பால் வட்டமிடுவோம், பெற்றோரைக் கூப்பிடுவோம். இன்ஜெக்டர் விஷயம் நடந்த கிழமை புள்ளி இடாப்பைத் திறந்தபோது கண் வேறு மாதிரி பார்த்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, மூன்று தவணைக்கு 74, 66, 57. எல்லாம் நல்ல சித்திதான், சிவப்பு இல்லை. வீட்டுக்குப் போனோம். வாப்பாவுக்கு வருத்தம், பிள்ளை சுபஹுக்கு முன்னால் எழும்பி மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்கிவிட்டுப் பாடசாலைக்கு வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தோடு பேசி ஏதோ ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். போதுமா என்று தெரியாது. அடுத்த தவணைப் புள்ளியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

இனி, நீல லைட் மீட்டர் கேட்ட பிள்ளைக்கு. வாங்கித் தருகிறோம், ஆனால் முதலில் ஒரு கொப்பி வாங்கு. தினமும் காலையில் என்ஜின் குளிராக இருக்கும்போது, சமதரையில், அளவுக் கம்பியை உருவி அளவையும் மணத்தையும் எழுது. இதற்கு மீட்டரே தேவையில்லை. ஒரு மாதம் எழுதிய கொப்பியோடு வா. மலிவான மீட்டர் மெதுவாக அசையும், அந்த ஒரு செக்கனைக் காட்டாமல் விட்டுவிடும். ஆகவே கொஞ்சம் பொறுத்து நல்லதாகவே வாங்குவோம். காலி வீதியில் இரவில் பைக் ஓடவிடும் கூட்டத்தோடு மட்டும் உன்னைக் காணக் கூடாது.

அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு. உங்கள் வேனில் அந்தச் சிவப்பு லைட் ஒருதடவை பத்தி அணைந்தாலும் "வயர் லூஸ்" என்று விடாதீர்கள். ஓரமாக நிறுத்தி, அணைத்து, ஒயில் அளவைப் பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர்தான் என்றாலும்.

இன்றைக்கும் நாங்கள் ஸ்டார்ட் செய்ததும் அமுக்க முள் எழும்பும் வரை பேசுவதில்லை. உம்மா பின் சீட்டில் இருந்து ஏதாவது கேட்டால் கையைக் காட்டுவோம், பொறுங்க என்று. உம்மா சிரிப்பார்.

எங்கள் வாப்பாவின் மஃபிரத்துக்காகத் துஆ செய்யுங்கள். பயன்படும் என்று நினைத்தால் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பகிருங்கள். பிழை இருந்தால் கராஜ் வேலை தெரிந்த சகோதரர்கள் கீழே திருத்துங்கள்.